அரிவரியும் குறுக்குக்கோடும்: ‘கிரிஸ்கிராஸ்’ என்னும் ஆங்கிலச் சொல்லின் வரலாறு

ஒன்றையொன்று வெட்டிச் செல்லும் பல கோடுகளைக் குறிக்க ஆங்கிலத்தில் வழங்கும் ‘கிரிஸ்கிராஸ்’ என்னும் சொல்லைத் தமிழில் தருவோர் பெரும்பாலும் ‘குறுக்கும் நெடுக்கும்’ என்னும் தொடரைக் கையாள்வர். 19, 20ஆம் நூற்றாண்டுப் பனுவல்களைப் பெயர்ப்போர்க்கு இத்தொடர் பல இடங்களில் கைகொடுக்கும். அதற்கு முந்திய பனுவல்களில் இச்சொல்லின் பழைய வடிவங்கள் வருமிடத்து இதே தொடரை இட்டால் பொருள் அடியோடு பிறழும். அக்காலத்தில் அச்சொல் கோடுகளின் பின்னலைக் குறிக்கவில்லை. சிலுவைக் குறியையும், அக்குறியை முதலாகக் கொண்டு எழுதப்பட்ட நெடுங்கணக்கையும் குறித்தது. பள்ளிச் சிறுவனின் முதற்பாடத்திற்குப் பெயராக இருந்த ஒரு சொல், பாதைகளும் கீறல்களும் பின்னிக் கிடக்கும் தோற்றத்திற்குப் பெயரானது எவ்வாறு என்பதும், அம்மாற்றத்தால் மொழிபெயர்ப்பில் எழும் இடர்ப்பாடுகள் எவை என்பதும் இங்கு ஆராயப்படுகின்றன.

கூட்டுச்சொல்லின் இரு உறுப்புகளுள் பின்னதாகிய ‘கிராஸ்’ முதலில் நோக்கத்தக்கது. இன்று ஆங்கிலத்தின் அடிப்படைச் சொற்களுள் ஒன்றாகத் தோன்றும் இது அம்மொழிக்கு உரிய சொல் அன்று. பழைய ஆங்கிலத்தில் சிலுவைக்கு வழங்கிய சொந்தச் சொல் ‘ரூட்’ என்பதாகும். இலத்தீன ‘குருக்ஸ்’ பழைய ஐரிய மொழியில் ‘கிராஸ்’ என வழங்கி, அங்கிருந்து வடநாட்டுக் கடலோடிகளின் நார்ஸ் மொழிக்குச் சென்று, அவர்கள் குடியேறிய வட இங்கிலாந்தின் ஊர்ப்பெயர்கள் வழியே ஆங்கிலத்திற்குள் நுழைந்தது. அதே இலத்தீனச் சொல்லின் வேறு வடிவங்களும் இடைக்கால ஆங்கிலத்தில் உலவின. இலண்டனில் ‘கிரட்ச்ட் ஃபிரையர்ஸ்’ என்னும் தெருப்பெயரில் அவற்றுள் ஒன்று இன்றும் உறைந்து கிடக்கிறது. சிலுவை அணிந்த துறவியரைக் குறித்த பெயர் அது. இறுதியில் நிலைத்தது ஐரிய-நார்ஸ் வழி வந்த வடிவமே. சமயக் குறியின் பெயராக நுழைந்த இச்சொல் நாளடைவில் இரு கோடுகள் வெட்டும் எவ்வுருவிற்கும், பின்னர் ‘கடத்தல்’ என்னும் வினைக்கும் உரியதாயிற்று.

தமிழில் இவ்வாறு நிகழவில்லை. சிரியாக் மொழிவழி வந்த ‘சிலுவை’யும், போர்த்துகீசியத்திலிருந்து வந்த ‘குருசு’ம் சமயப்பொருளோடு நின்றுவிட்டன. வடிவப்பொருளை ஏற்றது ‘குறு’ என்னும் அடியிலிருந்து பிறந்த ‘குறுக்கு’. (‘குறுக்கு’க்கும் ‘குருசு’க்கும் உள்ள ஒலியொப்புமை தற்செயலானது, உறவு கற்பித்தற்கு இடமில்லை.) ஆங்கிலத்தில் ஒரே சொல் தாங்கும் இரு பொருள்களைத் தமிழ் வெவ்வேறு சொற்களுக்குப் பகிர்ந்தளித்துவிட்டதால், ஒவ்வோர் இடத்திலும் எப்பொருள் முதன்மையானது என்று மொழிபெயர்ப்பாளர் முடிவுசெய்தாக வேண்டும். ‘கிரிஸ்கிராஸ்’ விஷயத்தில் இம்முடிவு பனுவலின் காலத்தைப் பொறுத்தது.

கொம்புப் பலகை

15ஆம் நூற்றாண்டு தொடங்கி 18ஆம் நூற்றாண்டு வரை இங்கிலாந்தில் சிறுவர்கள் எழுத்தறிந்தது ‘ஹார்ன்புக்’ எனப்பட்ட கருவியால். பெயரில் ‘புக்’ இருப்பினும் அது புத்தகம் அன்று. கைப்பிடி வைத்த சிறு மரப்பலகை. அதன்மேல் எழுத்துகள் தீட்டிய அல்லது அச்சிட்ட ஒரே தாள். தாள் அழுக்காகாமல் காக்க, ஒளி ஊடுருவும் அளவிற்கு மெல்லியதாகச் சீவிய விலங்குக் கொம்பின் தகடு. இதன் வரலாற்றை ஆண்ட்ரூ டூயர் 1896இல் விரிவான நூலாக வெளியிட்டார். தாளின் முதல் வரியில், ‘ஏ’ என்னும் எழுத்துக்கும் முன்பாக ஒரு சிலுவைக் குறி இருக்கும். அதன்பின் சிற்றெழுத்துகள், பேரெழுத்துகள், உயிரோடு மெய் சேர்ந்த அசைகள், கீழே கர்த்தர் செபம்.

இக்குறிக்குக் ‘கிரைஸ்ட்-கிராஸ்’, அதாவது ‘கிறிஸ்துவின் சிலுவை’ என்று பெயர். 14ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே இக்கூட்டுச்சொல் ஆங்கிலத்தில் காணப்படுகிறது. எழுத்துகளை ஒப்பிக்கத் தொடங்கும் சிறுவன் முதலில் இக்குறியைச் சுட்டி, சிலுவை தனக்குத் துணைநிற்க வேண்டும் என்னும் பொருளுடைய வாய்பாட்டைச் சொல்லிவிட்டே ‘ஏ’, ‘பி’ எனத் தொடர்வான். தாமஸ் மோர்லி 1597இல் வெளியிட்ட இசைப் பயிற்சி நூலில் இவ்வேண்டுதலோடு தொடங்கும் நெடுங்கணக்குப் பாடல் ஒன்று இசையமைப்புடன் இடம்பெற்றுள்ளது. சிலுவையில் தொடங்கும் வரிசையாதலால் நெடுங்கணக்கு முழுமையும் ‘கிரைஸ்ட்-கிராஸ்-ரோ’ எனப்பட்டது. சுருக்கமாகக் ‘கிராஸ்-ரோ’ என்றும் வழங்கிற்று. ‘ரோ’ என்பது வரிசை.

சொல்லின் ஒலிமாற்றம் எளிதில் விளங்கத்தக்கது. ‘கிரைஸ்ட்’ தனித்து நிற்கையில் ‘ஐ’ என ஒலிக்கும் உயிர், கூட்டுச்சொல்லின் முதலுறுப்பாகும்போது குறுகி ‘இ’ ஆகிறது. மெய்கள் நெருங்கும்போது இடையிலுள்ள டகரம் கெடுகிறது. ‘கிறிஸ்மஸ்’ என்னும் பண்டிகைப் பெயரில் நிகழ்ந்திருப்பதும் இதுவே. பண்டிகைப் பெயரின் எழுத்துக்கூட்டில் டகரம் இன்றளவும் எழுதப்படுவதால் கிறிஸ்துவின் பெயர் கண்ணுக்குத் தெரிகிறது. மற்றதில் எழுத்தும் ஒலியைப் பின்பற்றி மாறிவிட்டமையால் பெயர் மறைந்துபோயிற்று. எழுத்தைக் கற்பிக்கும் பலகையின் பெயரே எழுத்துக்கூட்டில் தன் மூலத்தை இழந்தது என்பது சற்று வேடிக்கையானது.

இதே வரிசையின் மறுமுனையிலும் ஒரு சொல் பிறந்திருக்கிறது. நெடுங்கணக்கின் இறுதியில் ‘அண்ட்’ என்னும் இணைப்பிடைச்சொல்லுக்குரிய குறியும் சேர்த்து எழுதப்பட்டது. தனியே நின்று சொல்லாகவும் அமையும் எழுத்தை ஒப்பிக்கும்போது ‘தானாகவே’ எனப் பொருள்படும் ‘பெர் சே’ என்னும் இலத்தீனத் தொடரைச் சேர்த்துச் சொல்வது மரபு. ஆகவே இறுதிக்குறியை ‘அண்ட் பெர் சே அண்ட்’ என்று ஒப்பித்தனர். சிறுவர் வாயில் அது தேய்ந்து ‘ஆம்பர்சண்ட்’ ஆயிற்று. தலையிலிருந்த சிலுவையும் கடையிலிருந்த குறியும் ஒரே பள்ளியறையின் ஒப்பித்தலில் உருக்குலைந்து, பொருள் புலப்படாத புதுச்சொற்களாக அகராதியில் ஏறின. கடைக்குறியின் பெயர் அக்குறியோடே நின்றது. தலைக்குறியின் பெயர்தான் இடம்பெயர்ந்தது.

பலகையை விட்டு வெளியேறியது

பலகை வழக்கிலிருந்த காலத்திலேயே இச்சொல்லுக்குப் பக்கப்பொருள்கள் சில இருந்தன. எழுதத் தெரியாதோர் கையொப்பத்திற்கு மாற்றாக இடும் கீற்று, கடிகார முகப்பில் 12 மணியைக் காட்டும் சிலுவைக் குறி, ‘தொடக்கம்’ என்னும் பொதுக்கருத்து ஆகியவற்றைக் குறிக்கவும் இது வழங்கியதைப் பழைய அகராதிகள் காட்டுகின்றன. இவையனைத்தும் ஒற்றைச் சிலுவையைச் சார்ந்தவை. பல கோடுகளின் பின்னல் என்னும் பொருள் இவற்றுள் எதிலும் இல்லை.

18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து மடித்த அட்டைகளும் மலிவான அச்சுப் புத்தகங்களும் கொம்புப் பலகையின் இடத்தைப் பிடித்தன. 1800ஐ ஒட்டி அது ஏறக்குறைய மறைந்தது. ‘கிரிஸ்கிராஸ்’ என்பது ‘குறுக்கிட்டு வெட்டும் கோடுகளை இடுதல்’ என்னும் வினையாக வழங்கியதற்கு அகராதிகள் காட்டும் முதற்சான்று 1818ஆம் ஆண்டினது. இவ்விரு காலங்களும் அடுத்தடுத்து அமைந்திருப்பதைத் தற்செயல் என்று ஒதுக்குவதற்கில்லை. சுட்டப்பட்ட பொருள் கண்முன் இருந்தவரை சொல்லும் அதனோடு கட்டுண்டிருந்தது. பலகை போனபின் சொல் மட்டும் எஞ்சியது. அதன் பொருளைக் கேட்போர் ஒலியிலிருந்தே ஊகிக்க வேண்டியதாயிற்று.

ஒலியும் ஓர் ஊகத்திற்கு ஆயத்தமாகவே இருந்தது. ஆங்கிலத்தில் ‘டிக்-டாக்’, ‘டிங்-டாங்’, ‘சிக்சாக்’ போன்ற இரட்டைச் சொற்களில் முதலுறுப்பில் இகரமும் அடுத்த உறுப்பில் தாழ்வான அகரமோ ஒகரமோ வருவது நெடுங்கால ஒழுங்கு, வரிசை மாறுவதில்லை. கிறிஸ்துவின் பெயர் குறுகியதால் விளைந்த ‘கிரிஸ்’, ‘கிராஸ்’ என்பதற்கு முன்னே மிகச்சரியாக அவ்வொழுங்கில் அமைந்துவிட்டது. எனவே கேட்போர் அதனை ‘கிராஸ்’ என்பதன் இரட்டிப்பாகக் கொண்டனர். பெயராக இருந்த முதலுறுப்பு பொருளற்ற எதிரொலியாயிற்று. சொற்பிறப்பு மறைந்த சொல்லுக்கு மக்கள் புதிய பிறப்பைக் கற்பித்துக்கொள்வதற்கு இதைவிடத் தெளிவான சான்று அரிது; இங்கு மாறியது சொல்லின் ஒலி அன்று, அதன் உள்கட்டமைப்பைப் பற்றிய பேசுவோரின் எண்ணம்.

எண்ணம் மாறியதும் பொருள் தொடர்ந்தது. இரட்டித்தல் மிகுதியையும் அடுக்கிவருதலையும் உணர்த்தவல்லது. ஆகவே ‘கிராஸ்’ ஒரு வெட்டையும், ‘கிரிஸ்கிராஸ்’ பல வெட்டுகளையும் குறிக்கலாயின. இரு சாலைகள் ஓரிடத்தில் சந்திப்பதை எவரும் ‘கிரிஸ்கிராஸ்’ என்பதில்லை. சாலைகள் பலவாகிப் பலமுறை வெட்டினால்தான் அச்சொல் பொருந்தும். அமெரிக்காவில் கட்டங்களில் வட்டமும் பெருக்கல் குறியும் இட்டு ஆடும் சிறுவர் விளையாட்டுக்கும் இது பெயராயிற்று. இன்று ஒருவர் நாட்டைப் பலமுறை பல திசைகளில் கடந்து பயணம் செய்தாலும் இதே வினை வழங்குகிறது.

தொல்காப்பியம் இரட்டைக்கிளவி இரட்டித்த நிலையிலிருந்து பிரிந்து இசைக்காது என்று வரையறுக்கிறது. ஆங்கிலத்தின் ‘கிரிஸ்’ பிறப்பால் இரட்டைக்கிளவியின் உறுப்பு அன்று. ஆயினும் இன்று தனித்து நின்று பொருள் தராமையால் அந்நிலைக்கு மிக நெருங்கிவிட்டது. தமிழ்ப் பேச்சுவழக்கில் ‘குறுக்கும் மறுக்கும்’ என்பது இதற்கு அணுக்கமானது. அதில் ‘குறுக்கு’ பொருளுடையது; ‘மறுக்கு’ இவ்விணைக்கு வெளியே அப்பொருளில் வழங்குவதில்லை. ஆங்கிலத்தில் உயிர் மாறிப் பொருளற்ற உறுப்பு முன்னே நிற்கிறது. தமிழில் முதலெழுத்து மாறி அது பின்னே வருகிறது. ‘புலி கிலி’ போன்ற எதிரொலிச் சொற்களிலும் பின்னுறுப்பே திரிவதை ஒப்பிட்டு நோக்கலாம்.

இந்தியப் பள்ளிகளின் சான்று

சமயக் குறி ஒன்று எழுத்துவரிசையின் தலையில் நின்று அவ்வரிசைக்கே பெயராவது இங்கிலாந்துக்கு மட்டும் உரியது அன்று. தமிழில் முதற்பாட ஏட்டிற்கு ‘அரிச்சுவடி’ என்றும், எழுத்துவரிசைக்கு ‘அரிவரி’ என்றும் பெயர். பாடத்தின் தொடக்கத்தில் ‘ஹரி’ என்று வணங்கியதால் வந்த பெயர் என அகராதி விளக்கம் தரும். திண்ணைப் பள்ளிகளில் ‘அரி நமோத்து சிந்தம்’ என்று சொல்லிப் பாடம் தொடங்கினர். ‘சிந்தம்’ என்பது ‘சித்தம்’ என்னும் வடசொல்லின் திரிபு. பொருள் அறியாமலே தலைமுறைகள் ஒப்பித்ததால் நேர்ந்த திரிபு. யாழ்ப்பாண வழக்கில் ‘அரிவரி’ பள்ளியின் முதல் வகுப்பிற்கும் பெயராயிற்று. ‘அரிவரி’, ‘கிரைஸ்ட்-கிராஸ்-ரோ’ ஆகிய இரண்டையும் அருகருகே வைத்தால், வணக்கம் முதலும் வரிசை இறுதியுமாக உறுப்புக்கு உறுப்பு ஒத்துச்செல்வது தெரியும். ஒன்றிலிருந்து மற்றது வந்திருக்க வழியில்லை.

வடக்கிலும் இதே நிலை. ‘ஓம் நம சித்தம்’ என்னும் வணக்கம் இந்தியில் ‘ஓனாமாசீ’ எனத் திரிந்து நெடுங்கணக்கையும் கல்வித் தொடக்கத்தையும் குறித்தது. மராத்தியில் ‘ஓனாமா’ என்பது எச்செயலின் தொடக்கத்திற்கும் வழங்குகிறது. தெலுங்கில் நெடுங்கணக்கின் பெயராகிய ‘ஓனமாலு’ என்பதை ‘ஓம் நம சிவாய’ என்னும் வணக்கத்தோடு இணைப்பர். இன்னும் முந்திச் சென்றால், 7ஆம் நூற்றாண்டில் இந்தியாவில் பயின்ற சீனத் துறவி இத்சிங், சிறுவர் ஆறு வயதில் கற்கும் முதல் ஏட்டின் பெயர் ‘சித்தம்’ சார்ந்தது எனக் குறித்துள்ளார். அப்பெயரே ஒரு வரிவடிவத்தின் பெயராகிக் கிழக்காசியா வரை சென்றது. ஹரி, சித்தர், சிவன் என வணங்கப்பட்டது மாறினும், வணக்கம் வரிசையின் பெயராவது மாறவில்லை.

ஆயினும் இந்தியப் பெயர்கள் எதுவும் வடிவப்பெயராகவில்லை. இவை வாயால் சொல்லப்பட்ட வணக்கங்கள். கண்ணால் காணும் உருவம் அவற்றிற்கு இல்லை என்று இதற்குக் காரணம் கூறலாம். அக்காரணம் முழுமையானது அன்று. எழுத்தின் தலைப்பில் இடப்படும் பிள்ளையார் சுழி வரையப்படும் குறிதான். அதற்குத் திட்டமான வளைவும் உண்டு. அது ‘தொடக்கம்’ என்னும் பொருளை ஏற்றிருக்கிறதே தவிர, சுருண்டு வளைந்த பிற உருவங்களுக்குப் பெயராகவில்லை. குறி இன்னும் எழுதப்படுகிறது. பெயரும் இன்னும் பிரித்துணரத் தக்கதாக உள்ளது. பிள்ளையார் கண்ணுக்குத் தெரியும்வரை சுழி அவருடையதே. ஆங்கிலச் சொல்லில் கிறிஸ்து மறைந்த பின்னரே சிலுவை வெறுங்கோடாயிற்று.

எழுத்துக்குறி வெட்டுக்கோடுகளுக்குப் பெயர் தருவது ஐரோப்பாவில் வேறு வகையிலும் நிகழ்ந்துள்ளது. கிரேக்க எழுத்து ‘கை’யின் உருவத்திலிருந்து, கண்நரம்புகள் மாறிச்செல்லும் இடத்திற்குரிய ‘கயாஸ்மா’ என்னும் மருத்துவச் சொல் வந்தது. உரோமர் பத்து என்னும் எண்ணுக்கு இட்ட குறியிலிருந்து ‘டெகசேட்’ என்னும் சொல் பிறந்தது. தாமஸ் பிரௌன் 1658இல் வெளியிட்ட ‘சைரஸின் தோட்டம்’ என்னும் நூல் இவ்வுருவத்தை இயற்கையிலும் கலையிலும் தேடித் திரிவது. சாமுவேல் ஜான்சன் 1755ஆம் ஆண்டு அகராதியில் வலைப்பின்னலை விளக்க இதே இலத்தீன அடிச்சொல்லை எடுத்தாண்டு, தலைச்சொல்லைவிடக் கடினமான விளக்கம் தந்தவர் என்னும் கேலிக்கு நெடுங்காலம் ஆளானார். இவை கற்றோர் படைத்த சொற்கள்; அதனால் பிறப்பு மறையாமல் நின்றன. கிரிஸ்கிராஸ் சிறுவர் வாயில் தேய்ந்து உருவானது.

மொழிபெயர்ப்பில் எழும் சிக்கல்கள்

தற்காலப் பொருளை எடுத்துக்கொண்டாலும் ‘குறுக்கும் நெடுக்கும்’ முற்றிலும் ஒத்த தொடர் அன்று. நெடுமையும் குறுமையும் ஒரு பரப்பின் நீளத்தையும் அகலத்தையும் கருதுகின்றன. கோடுகள் செங்குத்தாக வெட்டும் கட்டமே இத்தொடரால் மனத்தில் தோன்றும். ஆங்கிலச் சொல்லுக்கு அவ்வரையறை இல்லை. சாய்கோடுகளுக்கும் ஒழுங்கற்ற கீறல்களுக்கும் அது பொருந்தும். மார்பில் இரு தோள்களிலிருந்தும் மாறி இறங்கும் வார்களை ‘குறுக்கும் நெடுக்குமாக’ என்றால் படிப்போர்க்கு வேறு உருவமே தோன்றும். ‘பெருக்கல் குறிபோல’ என்பது அங்குத் தகும். முதுமையால் சுருங்கிய முகத்திற்குச் ‘சுருக்கங்கள் பின்னிக் கிடந்தன’ என்பதே போதும். இருப்புப்பாதைகள் பரவிய நாட்டிற்கு ‘ஊடும் பாவுமாக’ என்னும் நெசவுத்தொடர் பொருந்தலாம். ஆனால் அது ஒழுங்கையும் இணைப்பையும் சேர்த்து உணர்த்தும். மூலத்தில் குழப்பம் சுட்டப்பட்டிருந்தால் அதனைத் தவிர்ப்பது நன்று.

எதிர்த்திசையிலும் இடறுவதற்கு இடமுண்டு. தமிழ்க் கதைகளில் கவலையுற்றவர் அறையில் ‘குறுக்கும் நெடுக்குமாக’ நடப்பார். அங்குக் கோடுகள் வெட்டுவதில்லை. ஒரே தடத்தில் போய்வருகிறார். அதனைக் கிரிஸ்கிராஸ் என்று ஆங்கிலத்தில் தருவது தமிழ்த்தொடரின் சொற்களைப் பெயர்ப்பதாகுமே அன்றி நடையைப் பெயர்ப்பதாகாது.

‘கிராஸ்’ என்னும் எளிய வினையும் ஏமாற்றக்கூடும். தாள்களின் எண்ணிக்கையைக் கொண்டு அஞ்சற்கட்டணம் விதிக்கப்பட்ட காலத்தில், 1840இல் பென்னி அஞ்சல் வருமுன், தாளை நிரப்பியவர் அதனைத் திருப்பி முன்பு எழுதிய வரிகளுக்குச் செங்குத்தாக மேலேயே எழுதுவார். கடிதத்தைக் ‘கிராஸ்’ செய்தல் என்பது இதுவே. 1815இல் வெளிவந்த ஜேன் ஆஸ்டினின் ‘எம்மா’வில் இவ்வழக்கம் பேசப்படுகிறது. இவ்வினையை ‘அடித்துவிட்டாள்’ எனப் பெயர்த்தால், சிக்கனமாக எழுதிய ஒருத்தி எழுதியதை அழித்தவளாகிவிடுவாள். ‘குறுக்கும் நெடுக்கும்’ என்பது சொல்லுக்குச் சொல் உண்மையாகும் இடம் இதுவே என்பது கருதத்தக்கது.

பழைய பொருள் வருமிடங்களுள் நன்கறியப்பட்டது ஷேக்ஸ்பியரின் ‘மூன்றாம் ரிச்சர்ட்’ நாடகத்தின் முதற்காட்சி. தன் வாரிசுகளின் உரிமையை ‘ஜி’ என்னும் எழுத்து பறிக்கும் என்ற குறிமொழியை நம்பிய அரசன், ‘கிராஸ்-ரோ’விலிருந்து அவ்வெழுத்தைப் பொறுக்கி எடுத்து, ஜார்ஜ் என்னும் பெயருடைய தன் தம்பி கிளாரன்ஸைச் சிறைக்கு அனுப்புகிறான். இங்குக் ‘குறுக்கு வரிசை’ என்பது பொருளற்றது. ‘சிலுவை வரிசை’ உருவத்தைக் காத்துப் பொருளை இழக்கிறது. ‘அரிவரி’ இரண்டையும் காப்பது; ஆயினும் அதன் ‘அரி’ ஆங்கிலேய இளவரசனின் வாயில் ஒட்டாது என்று மறுப்போர் இருப்பர். அச்சொல்லை வழங்கும் தமிழருள் எத்தனை பேர்க்கு ஹரி நினைவில் இருக்கிறார் என்று அவர்களைக் கேட்கலாம்; ஆங்கிலேயரிடம் கிறிஸ்து மறைந்த அளவிற்கு இல்லையெனினும் ஹரியும் பெரும்பாலும் மறைந்தே இருக்கிறார். மேடைக்கு அரிவரியும், கற்போர்க்கான பதிப்பிற்கு ‘ஆங்கில நெடுங்கணக்கு’ம் ஏற்றவை.

இச்சொல்லைத் தீர்த்த பின்னரும் அக்காட்சியில் எழுத்து நிற்கிறது. குறிமொழி சுட்டிய ‘ஜி’ ஜார்ஜுக்கு மட்டும் உரியது அன்று. குளோஸ்டர் கோமகனாகிய ரிச்சர்டுக்கும் அதுவே முதலெழுத்து. பழி ஒருவன்மேல் விழ, வினையை முடிப்பவன் மற்றவன் என்னும் முரண் அவ்வோர் எழுத்தில் தொங்குகிறது. தமிழ் வரிவடிவில் ஒருவன் பெயர் ஜகரத்திலும் மற்றவன் பெயர் ககரத்திலும் தொடங்குகின்றன. அவற்றுள் ஜகரம் கிரந்த எழுத்தாதலால் தமிழ் நெடுங்கணக்கின் முப்பதில் இல்லை.